இரண்டு நனோமீற்றரில் காணாமல்போன முனைவாக்கம்

வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி முதுகலை ஆய்வு செய்த காலம். ஸ்ட்ரோன்சியம் தைத்தனேற்றின் மேல் வளரும் பேரியம் தைத்தனேற்றுப் படலத்தில் எவ்வளவு முனைவாக்கம் (நேர், மறை மின்னேற்றங்கள் தாமாகவே விலகி நிற்பது) வரும் என்று கணித்துக்கொண்டிருந்தேன். மேலுள்ளதன் அலகுக் கலம், அதாவது பளிங்கில் திரும்பத்திரும்ப வரும் மிகச்சிறு பெட்டி, 3.99 ஆங்ஸ்ட்ரம் அகலம், கீழுள்ளது 3.905. அழிறப்பரைப் பக்கவாட்டில் அமுக்கினால் மேலே பிதுங்குமே, அதுபோல 2 சதவீதத்துக்கு மேல் நெருக்கப்பட்ட கலம் உயரத்தில் நீளும். நடுவிலுள்ள தைத்தேனியம் அயன் இன்னும் விலகும்; முனைவாக்கம் கூடும். 2004இல் இதே பொருளை ஸ்காண்டேற்றுப் பளிங்குகளில் வளர்த்து, முனைவாக்கம் மறையும் வெப்பநிலையை 120 பாகை செல்சியசிலிருந்து ஏறத்தாழ 500 பாகை உயர்த்தியிருந்தார்கள். இந்த நெருக்கல் (விகாரம்) ஒன்றே போதும் என்று நம்பிவிட்டேன். 2 நனோமீற்றர் தடிப்பிலும் பெரிய விடை வந்தது.

என் மேற்பார்வையாளரான மிஸ் விடையைப் பார்க்கவேயில்லை. "மேலயும் கீழயும் என்ன மின்வாய் போட்டனீர்?" என்று கேட்டா. நான் போடவில்லை.

அச்சுத்தாளின் பின்பக்கத்தில் படலத்தையும் இரண்டு தகட்டையும் கீறினா. "உலோகத்தின்ர மின்னேற்றம் சரியா விளிம்பில நிக்காது, கொஞ்சம் உள்ளுக்குத்தான் நிக்கும்." அந்தச் சின்ன இடைவெளியால் மிஞ்சும் மின்னழுத்தவித்தியாசம், முனைவாக்கத்துக்கு எதிரான புலமாகப் படலத்துக்குள் திரும்புகிறது. தடிப்பு பாதியானால் புலம் ஏறக்குறைய இருமடங்கு. அன்றிரவே அதைச் சேர்த்து ஓடவிட்டேன்; 2 நனோமீற்றரில் பூச்சியம். ஸ்ட்ரோன்சியம் ருதனேற்று மின்வாய்களுக்கு நடுவே 6 கலம், அதாவது 2.4 நனோமீற்றர்தான் எல்லை என்று 2003இலேயே ஒரு கணிப்பு சொல்லியிருந்தது. வாசித்திருந்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை.

ஆனால் இதே இனத்து ஈயத் தைத்தனேற்றின் முனைவாக்கம் வெறும் 3 கலத்திலும், 1.2 நனோமீற்றரில், உயிரோடிருப்பதை 2004இல் கண்டார்கள். மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் மாறிமாறிக் கோடுகளாகப் பிரிந்து, பக்கத்துக் கோட்டின் மின்னேற்றத்தாலேயே தன் மின்னேற்றத்தைத் தணித்துக்கொள்கிறது. இன்றைக்கும் எனக்கு அது வியப்புத்தான்.

இதை வாசித்த இன்னொருவரின் பதில்:

எனக்கு நடந்தது மறுவளம். சிலிக்கனில், பிளாட்டினத்தின் மேல், கரைசலால் பூசிச் சுட்ட தடித்த படலம். (கொழும்பு ஈரக்காற்றில் தைத்தேனியக் கரைசல் கலங்காமல் காப்பதே பெரும்பாடு.) மேலும் கீழும் மின்வாய் வைத்து அளந்தால், புலத்தோடு முனைவாக்கம் மாறுவதைக் காட்டும் வளையம் ஒடுங்கியே வந்தது. மின்வாயில்தான் பிழை என்று மாதக்கணக்கில் மினைக்கெட்டோம். உண்மையில் ஆறும்போது படலம் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும், சிலிக்கன் விடாது. இழுபட்ட படலத்தில் முனைவாக்கம் மேல்கீழாக நில்லாமல் படலத்தின் தளத்திலேயே படுத்துவிடுகிறது. பிளாட்டினம் இல்லாமல், காப்பிடும் ஒட்சைட்டுப் படையில் புதிதாகப் பூசி, மேற்பரப்பிலேயே சீப்புப்போல இரண்டு மின்வாய் வைத்து அளந்த அன்றுதான் வளையம் விரிந்தது.