ரசிச்சு செஞ்ச வேலை இப்ப வெறுத்துப் போச்சு, அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க

ஆறு வருஷமா ஒரே கம்பெனி, கஸ்டமர் சப்போர்ட் டீம். முதல் நாலரை வருஷம் நல்லாதான் போச்சு. அப்புறம் ஏழு பேர் இருந்த டீம் நாலாச்சு, வேலை மட்டும் குறையல, நைட் காலும் எங்க தலையிலதான்.

எட்டு மாசமா ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கமே இல்ல, ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடங்குது, மெசேஜ் சத்தம் கேட்டா வயித்தப் பிசையுது. இதவிட வலிக்கிறது என்னன்னா, ஒருத்தர் பிரச்சனைய தீர்த்து வெச்சா முன்னாடி மனசுக்கு நிறைவா இருக்கும், இப்ப ஒண்ணுமே தோணல.

பத்து நாள் லீவ் போட்டுப் பாத்தேன், திரும்பி வந்த மூணாவது நாளே பழையபடி ஆயிடுச்சு. மேனேஜர்கிட்ட ரெண்டு தடவ பேசினேன், ஆள் எடுக்கிறோம்னார், ஆறு மாசம் ஆச்சு. தைராய்டு, ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். கவுன்சிலர்கிட்ட அஞ்சு தடவ போனதுல தூக்கம் கொஞ்சம் தேவல. உலக சுகாதார நிறுவனம் 2019லயே பர்ன்அவுட்ட, அதாவது வேலை அழுத்தத்துல ஒரேயடியா தளர்ந்து போறத, நோய்னு சொல்லாம வேலையால வர்ற நிலைன்னுதான் வகைப்படுத்தியிருக்கு, சோர்வு, வேலை மேல வெறுப்பு, நம்மால முடியலங்கிற எண்ணம் இந்த மூணும்தான் அடையாளம்னு கவுன்சிலர் சொன்னாங்க. எனக்கு மூணும் இருக்கு. அப்ப நான் மட்டும் மாறி என்ன பிரயோஜனம், வேலைப்பளுவும் மாறணும்ல?

வீட்ல என் சம்பளம் மட்டும்தான், அதனால உடனே ரிசைன் பண்ண முடியாது.

இதுலேர்ந்து மீண்டவங்க சொல்லுங்க, அதே கம்பெனில வேற டீம் போனதுலயே பழைய ஈடுபாடு திரும்பி வந்துச்சா, இல்ல கம்பெனியே மாறினப்புறம்தான் வந்துச்சா?