புதுப்பிப்பு: பத்மினியின் பிரேக் சரியாகிவிட்டது

வீட்டிலேயே சீரமைத்துவரும் பழைய பிரீமியர் பத்மினி காரில் பிரேக் பெடல் அமுங்கிப் போகிறது, மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கும்போது பிரேக் திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பகுதி) மாற்ற வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தேன். தேவைப்படவில்லை. நீங்கள் சொன்னபடி நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களையும் கழற்றிப் பார்த்தேன்; பின்சக்கரம் ஒன்றில் வீல் சிலிண்டர் (திரவ அழுத்தத்தால் பிரேக் ஷூக்களை டிரம்மில் அழுத்தும் சிறு சிலிண்டர்) கசிந்துகொண்டிருந்தது. உள்சுவரில் கீறலோ துருவோ இல்லாததால் ரப்பர் கிட் (உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள்) மட்டுமே போதுமானதாக இருந்தது. பெரிய செலவு மிச்சம்!

ஆனால் திரவத்தில் ஊறிய ஷூவைத் துடைத்து மாட்டிச் சிக்கனம் பிடிக்காதீர்கள். பின்சக்கரங்கள் இரண்டுக்குமே ஷூவின் மேல் உராயும் பட்டையான லைனிங்கைப் புதிதாகப் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் பழையதை முழுவதும் வெளியேற்றிவிட்டு, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். இப்போது பெடல் கல்போல நிற்கிறது.

தரைத்தகட்டுத் துருவை வெட்டி வெல்டிங் செய்வது அடுத்த மாதம். பெயின்ட் காத்திருக்கட்டும்.