வெளிநாட்டுச் சுத்திகரிப்பு நிலையத்துடன் கைகோக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை இயக்கும் குழுவில் இருக்கிறேன். வேறு நாட்டில் இதே வேலையைச் செய்பவர்களோடு நேரடியாகச் சேர்ந்து பணியாற்ற விரும்புகிறோம்.

எங்களை வாட்டுவது சேறு படியாமை. காற்றூட்டும் தொட்டியின் கலவையை (கழிவுநீரும் நுண்ணுயிர்ச் சேறும் கலந்தது) ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் எடுத்து வைத்தால், 30 நிமிடம் கழித்தும் சேறு பஞ்சுபோல் விரிந்து நிற்கிறது. பாதி உருளைக்குக்கூட இறங்குவதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் இழை இழையாகப் பாக்டீரியா. குளோரின் கொடுத்தால் சில நாள் அடங்குகிறது, மூலகாரணம் அப்படியே இருக்கிறது. கரைந்த ஆக்சிஜன் குறைவா, நைட்ரஜன் பாஸ்பரஸ் பற்றாக்குறையா, அழுகிய நீர் வரத்தா? இதைப் பிரித்தறியப் பாடநூல் போதாது. அன்றாடம் கையாண்டு பழகிய கண்கள் வேண்டும்.

மனிதக் குடியிருப்புகளுக்கான ஐ.நா.வின் ஹாபிடாட் அமைப்பு 2009-இல் தொடங்கிய, நீர் நிறுவனங்களை இணைக்கும் உலகக் கூட்டணியைப் பற்றிப் படித்தேன். லாப நோக்கமில்லாமல் ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குக் கற்றுத்தரும் முறை அது. அதில் பங்கேற்றவர்கள் இங்கே இருக்கிறீர்களா? முதல் கடிதத்தை யாருக்கு எழுதினீர்கள்? ஆய்வகத் தரவுகளைப் பகிர ஒப்பந்தத்தில் என்ன வாசகம் சேர்த்தீர்கள்? பயணச் செலவை யார் ஏற்றார்கள்?

இன்னொன்று முக்கியம். இத்தகைய பரிமாற்றம் மேலதிகாரிகளோடு நின்றுவிடக் கூடாது. இரவுப் பணியில் வால்வைத் திருப்புபவரும் அங்குள்ள சக பணியாளரோடு பேச வேண்டும். மொழித் தடையை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மாதிரி ஒப்பந்தம் இருந்தால் அனுப்புங்கள், மிகவும் உதவியாக இருக்கும்.