இந்திய அணிக்கு ஆடிய பிள்ளைகளை அருகில் பார்த்த அனுபவம் உண்டா?

ஊட்டி, விடுதி நடத்துபவர்

எங்கள் விடுதி ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துக்கு நடந்து போகும் தூரம். மொத்தம் ஆறு அறை. சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரியில் ஒன்பது ஓட்டப்பந்தயப் பெண்களும் அவர்களுடைய கோச்சும் வந்து நாலு வாரம் தங்கினார்கள். புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும் காலம். அந்தக் குளிரில் காலை ஐந்தரைக்கு எழுந்து வாசலில் நிற்பார்கள்.

அவர்களில் ஒரு பெண் மட்டும் இந்திய இளையோர் அணிக்குத் தேர்வாகியிருந்தாள். பதினாறு வயது, தென் மாவட்டத்துப் பெண், அதற்கு முன் மலை ஏறியதே இல்லை. பின்பக்கம் இந்தியா என்று எழுதிய நீல ஜாக்கெட் ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். கவர் கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாள். இவ்வளவு குளிருதே, எடுத்துப் போட்டுக்கோ கண்ணு என்றேன். "போட்டி அன்னைக்குத்தான் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு போனாள்.

முதல் மூன்று நாள் கோச் யாரையும் ஓட விடவில்லை. நடை மட்டும்தான். மாடிப்படி ஏறினாலே அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. ஓடவே பிறந்த பிள்ளைக்கு இப்படியா என்று எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது வாரம் அவளுக்குச் சளி பிடித்தது. ராத்திரி முழுக்க இருமல். எனக்கு மனசு கேட்கவில்லை. சுக்கு, மிளகு, துளசி போட்டுக் கஷாயம் வைத்து, வீட்டில் இருந்த சளி மாத்திரை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். கோச் வாசலிலேயே நிறுத்தினார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க கொடுக்கிறது அன்புன்னு எனக்குத் தெரியும். ஆனா அவ வாய்க்குள்ள போற எதுவும் எனக்குத் தெரியாம போகக் கூடாது" என்றார். சில சளி மருந்துகளில் போட்டி நேரத்துக்குத் தடை செய்யப்பட்ட பொருள் இருக்குமாம். தெரியாமல் சாப்பிட்டாலும் தண்டனை பிள்ளைக்குத்தானாம். யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பதெல்லாம் சோதனையில் வராது.

அன்றைக்கு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தவள் நான், கஷாயத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வருவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஆனால் அப்புறம் யோசித்தேன். பதினாறு வயதில் ஒரு கை மருந்துகூட வாங்கிக் குடிக்க முடியாமல் இருப்பது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கஷ்டம்? அதற்குப் பிறகு வெந்நீர் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப் போவாள்.

அவர்கள் போன பிறகு அறையைச் சுத்தம் செய்தபோது, மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் ஒவ்வொரு தேதிக் கட்டத்தின் மூலையிலும் பென்சிலால் ஒரு எண் எழுதியிருந்தது. செலவுக் கணக்கு என்று நினைத்தேன். காலண்டரை எறியவில்லை, வைத்திருக்கிறேன்.

2026 அக்டோபர் 31 அன்று செனகல் நாட்டின் டக்காரில் இளையோர் ஒலிம்பிக் தொடங்குகிறது என்று படித்ததும் அவள் ஞாபகம் வந்துவிட்டது. உங்களில் யாராவது இந்த மாதிரிப் பிள்ளைகளை அருகில் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

---

கோத்தகிரி, புனேயில் படித்தவர்

அக்கா, உங்கள் கஷாயம் போலவே எனக்கு ஒரு வர்க்கிக் கதை உண்டு.

2008 அக்டோபரில் புனேயில் காமன்வெல்த் இளையோர் போட்டி நடந்தது. பாலேவாடி மைதானத்தில் நான் தொண்டர். எங்கே பார்த்தாலும் ஜிகர் என்ற புலிச் சின்னம். பயிற்சியின்போதே எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள், வீரர்களுக்கு வெளிச் சாப்பாடு எதுவும் கொடுக்கக் கூடாது என்று. ஊரிலிருந்து அம்மா ஒரு டப்பா வர்க்கி அனுப்பியிருந்தார். பையிலேயே இருந்தது.

ஒரு சின்னத் தீவு நாட்டிலிருந்து வந்த பையன், எடை தூக்குபவன். அவன் நாட்டிலிருந்து வந்த பிள்ளைகளை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். ஓய்வு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்காருவான். மலை எப்படி இருக்கும் என்று கேட்டான். அவன் ஊரில் கடலைத் தவிர எதுவும் உயரமாக இல்லையாம், அலைதான் உயரம் என்றான். நான் வர்க்கியைக் காட்டினேன், ஆனால் கொடுக்கவில்லை. காரணத்தையும் சொன்னேன். அவனுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அந்தப் போட்டியில் பதக்கப் பட்டியலில் இந்தியாதான் முதலிடம். தினமும் நம் கொடி ஏறியது, தினமும் கை தட்டினேன். ஆனால் இன்று நினைத்தால் முதலில் வருவது அந்தப் பையன் முகம்தான். அவனுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. போட்டி முடிந்த சாயங்காலம் அரங்கத்தைச் சுற்றி என்னைத் தேடி வந்து கையை நீட்டினான். "இப்போது சாப்பிடலாம்" என்றான். ஆறு வர்க்கி சாப்பிட்டான். சட்டையெல்லாம் தூள்.

---

குன்னூர், உடற்கல்வி ஆசிரியை

அக்கா, உங்கள் காலண்டரில் இருந்தது செலவுக் கணக்கு இல்லை. அநேகமாக நாடித் துடிப்பு. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணி எழுதச் சொல்லுவோம். உடம்பு மலைக்குப் பழகுகிறதா என்று பார்க்க அதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. வந்த புதிதில் எண் ஏறும். பழகப் பழக இறங்கும். சளி, காய்ச்சல், தூக்கக் குறைவு எது வந்தாலும் மறுபடி ஏறும். எண் ஏறியிருந்தால் அன்றைக்குக் கோச் ஓட்டத்தைக் குறைத்துவிடுவார்.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். 1968 ஒலிம்பிக் அங்கே நடந்தபோது நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார், ஆனால் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் திணறினார்கள். காற்று மெலிசாக இருந்தால் குறைந்த தூரம் ஓடுபவருக்கும் தாண்டுபவருக்கும் எதிர்ப்பு குறைவு, நெடுந்தூரம் ஓடுபவருக்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களை அதிகமாக உண்டாக்கும். அதற்கு மூன்று நாலு வாரம் வேண்டும். உங்கள் விடுதியில் நாலு வாரம் தங்கியது இதற்காகத்தான். கீழே இறங்கிப் போகும்போது அந்த ரத்தத்தோடு போவார்கள், கொஞ்ச நாளைக்கு அது கை கொடுக்கும்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து இந்தக் காற்றில்தான் மேடு ஏறி இறங்குகிறார்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் மூன்று கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கு வரும் பெண் இருக்கிறாள். ஆனால் இந்திய அணி என்பது அவர்களுக்கு டிவியில் வரும் விஷயம். அதை உடைக்க நான் சொல்லும் பெயர் பிரவீன் சித்ரவேல்.

டெல்டாக்காரப் பையன். 2018 அக்டோபரில் பியூனஸ் ஏர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் மும்முறைத் தாண்டுதலில் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் ஒரு நாள் நன்றாகத் தாண்டினால் போதாது. இரண்டு சுற்று, வெவ்வேறு நாள், இரண்டின் தூரத்தையும் கூட்டித்தான் இடம். பிரவீன் முதல் சுற்றில் 15.84, இரண்டாவது சுற்றில் 15.68, மொத்தம் 31.52 மீட்டர். செய்தி வந்த காலை இந்தக் கூட்டலைக் கரும்பலகையில் போட்டேன். அப்புறம் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய் 15.84 மீட்டரை டேப் வைத்து அளந்து, சுண்ணாம்பில் கோடு போட்டேன். ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டைப் பார்த்துவிட்டு யாரும் பேசவில்லை. ஒரு பையன் மட்டும் போய் அந்தக் கோட்டைக் காலால் தொட்டுப் பார்த்தான்.

அதில் தங்கம் வாங்கியது கியூபாவின் ஜோர்டான் டயஸ். அதே ஆள் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினுக்காகத் தங்கம் வாங்கினார். பிரவீன் 2023 மே மாதம் அந்தக் கியூபாவுக்கே போய் 17.37 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தார், பாரிஸிலும் தாண்டினார். ஐந்து வருடத்தில் ஒன்றரை மீட்டர். நான் பிள்ளைகளுக்குப் பதக்கத்தைவிட இந்த ஒன்றரை மீட்டரைத்தான் காட்டுவேன். இளையோர் போட்டியில் வரும் பிள்ளை முடிந்த வேலை இல்லை, பாதி வழியில் இருக்கிறது. அங்கே தோற்றதும் வீட்டில் உட்கார வைத்துவிடும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஆறாத வருத்தம்.

---

வெலிங்டன், ஹாக்கி ஆடும் பெண்ணின் அப்பா

டீச்சர் சொன்னது சரி. அதே 2018 இளையோர் ஒலிம்பிக்கில், அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஹாக்கியில் நம் ஆண், பெண் அணிகள் இரண்டுமே இறுதி ஆட்டத்தில் தோற்று வெள்ளி வாங்கின. பையன்கள் மலேசியாவிடம், பெண்கள் அர்ஜென்டினாவிடம். அந்த அணிகளின் கேப்டன்கள் விவேக் சாகர் பிரசாத், சலிமா டெட்டே இருவரும் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார்கள், விவேக் அங்கே வெண்கலம் வாங்கினார். என் மகள் மாவட்டப் போட்டியில் தோற்று வந்து சாப்பிடாமல் படுத்த ராத்திரி இதைத்தான் சொன்னேன். எழுந்து வந்து சாப்பிட்டாள்.

---

பந்தலூர், பஹ்ரைனில் ஏசி மெக்கானிக்

நான் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பில், அதாவது லயனில் பிறந்தவன். தாத்தா இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். எங்களுக்குக் கிடைத்த மைதானம் தேயிலைக்கு நடுவே தட்டையாக இருந்த ஒரு துண்டு நிலம், அதில் கபடிதான் ஆட முடியும். பந்து ஆடினால் பள்ளத்துக்குப் போய்விடும்.

2025 அக்டோபரில் ஆசிய இளையோர் போட்டி பஹ்ரைனுக்கே வந்தது. கபடி இறுதி ஆட்டம் என்று தெரிந்ததும் சூப்பர்வைசரிடம் கெஞ்சி லீவு வாங்கினேன். பெண்கள் அணியின் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா என்று படித்திருந்தேன். கண்ணகி நகர் எப்படிப்பட்ட இடம் என்று எனக்குத் தெரியும். நகரத்துக்குள் குடிசையில் இருந்தவர்களை எடுத்துக்கொண்டு போய் வைத்த இடம். எங்களையும் அப்படித்தான் ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தார்கள். அதனால் அந்தப் பெண் கோட்டைத் தாண்டிப் பாடிப் போனபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது வேறு மாதிரி.

இரானை 75க்கு 21 என்று முடித்தார்கள். எதிரணியை மொத்தமாக வெளியேற்றினால் கூடுதலாக இரண்டு புள்ளி, அதை மறுபடி மறுபடி எடுத்தார்கள். நான் மேலே இருந்து "விடாதே, விடாதே" என்று தமிழில் கத்தினேன். கேட்டிருக்குமோ என்னவோ.

பையன்கள் ஆட்டம் அப்படி இல்லை. அதுவும் இரானோடுதான், ஒவ்வொரு புள்ளிக்கும் இழுபறி. வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் அந்த அணியில் இருந்தார். என் பக்கத்தில் ஓர் இரானியப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் கையும் நடுங்கியது, என் கையும் நடுங்கியது. 35க்கு 32. விசில் ஊதியதும் நான் துள்ளினேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே என் தோளைத் தட்டி, கீழே அழுதுகொண்டிருந்த அவர்கள் நாட்டுப் பையனைக் காட்டி, அரைகுறை இந்தியில் "பச்சா, பச்சா" என்றார். சின்னப் பிள்ளை என்று. நான் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் அந்தப் பையன் எழுந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று இரவே லயனுக்கு வீடியோ கால் போட்டேன். எங்கள் மைதானத்தில் இப்போது கோடு அழிந்து புல் முளைத்திருக்கிறதாம். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது தம்பிகளோடு சேர்ந்து வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு வந்தேன். பெண் பிள்ளைகள் நாலு பேர் ஆடுகிறார்கள், ஏழு பேர் சேர வேண்டும்.

---

ஊட்டி, விடுதி நடத்துபவர்

டீச்சர் எழுதியதைப் படித்ததும் பரணிலிருந்து காலண்டரை எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது.

முதல் நாள் 72. மறுநாள் 79. அதற்கடுத்த நாள் 80. பயந்திருப்பாள் பாவம், என்னிடம் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் 70க்கு வருகிறது, அப்புறம் 66. இரண்டாவது வாரம் திடீரென்று 84. அது நான் கஷாயம் கொண்டுபோன நாள். அடுத்த கட்டத்தில் 82, அப்புறம் 77. அப்புறம் இறங்கிக்கொண்டே வந்த எண், மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறுபடி 71, அன்றைக்கு ஏன் ஏறியது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். முந்தின நாள் ராத்திரி அவள் அம்மா போனில் அழுதார், இவள் படியில் உட்கார்ந்து சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான்தான் போர்வை கொண்டுபோய்ப் போர்த்தினேன்.

கடைசி வாரம் 62, 60, 60, 59. கிளம்பும் நாளில் விடியற்காலை நாலு மணிக்கு வண்டி. அந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கிறாள், 57.