கத்தி உறைக்குத் தோல் வாங்குவது: சில அனுபவங்கள்

உறுப்பினர், சென்னை:

உறைக்குத் தோல் வாங்கச் செல்பவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "இது ஒரிஜினல் தோல்தானா?" என்பதுதான். பெரியமேட்டுத் தோல் கடைகளில் பல ஆண்டுகளாக வாங்கி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்விக்கு வரும் பதிலால் நமக்குப் பயன் இல்லை. அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி ஒரிஜினல் தோல்தான். நாம் கேட்க வேண்டியது, அதை எதைக் கொண்டு பதனிட்டார்கள் என்பதே.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளிலிருந்து வரும் தோலில் பெரும்பங்கு, காலணியின் மேற்பாகத்துக்காகக் குரோம் உப்பில் பதனிடப்பட்டது. மென்மையாக இருக்கும், சாயம் நன்றாக ஏறும், தண்ணீரையும் தாங்கும். ஆனால் நனைத்துக் கத்தியின்மேல் அழுத்தி வைத்தால், காய்ந்தபின் அந்த வடிவம் நிற்பதில்லை. தோலில் தங்கிவிடும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து எஃகையும் அரிக்கும். தோட்ட வேலை செய்யும் நண்பர் ஒருவர், கார்பன் எஃகில் அடித்த தம் கத்தியை மழைக்காலம் முழுவதும் குரோம் தோல் உறையிலேயே வைத்திருந்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அலகில் தோல் ஒட்டியிருந்த இடங்களில் எல்லாம் மிளகு தூவியதுபோல் துருப்புள்ளிகள் இருந்தன. தேய்த்து எடுத்த பிறகும் சிறு குழிகள் அப்படியே நின்றுவிட்டன.

ஆகவே உறைக்கு ஏற்றது மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான். ஆவாரம் பட்டை, கடுக்காய் ஆகியவற்றைக் கொண்டு தமிழ்நாட்டில் பதனிடப்பட்டு, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் புவிசார் குறியீடும் பெற்றிருப்பது இந்த வகையே. இப்போது ஆவாரத்தின் இடத்தை வாட்டில் என்ற வேல மர வகையின் பட்டை பெரிதும் பிடித்துக்கொண்டது என்றாலும், உறை செய்பவருக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை.

மேற்பரப்பின் பழுப்பு நிறத்தை நம்பி வாங்கக் கூடாது என்பதைப் பெரியமேட்டில் ஒரு மூத்த வியாபாரி எனக்குக் காட்டினார். ஒரே நிறத்தில் இருந்த இரண்டு தோல்களின் ஓரத்தை பிளேடால் சீவி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்று மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. மற்றதன் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறக் கோடு ஓடியது. அதுவே குரோமின் அடையாளம். பிறகு இரண்டு சீவலையும் தீக்குச்சியில் காட்டினார். பட்டையில் பதனிட்டது மெல்லக் கருகிக் கரியாயிற்று. குரோம் தோல் சுருண்டு எரிந்து, பச்சை படிந்த சாம்பலை விட்டது.

இத்துடன் நான் சேர்த்துக்கொண்ட சோதனை ஒன்று உண்டு. துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் வினிகரில் ஊறவைத்து, அந்த நீரைச் சிறு புட்டியில் எடுத்துச் செல்கிறேன். கடைக்காரரின் அனுமதியுடன் தோலின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டால், பட்டையின் துவர்ப்பும் இரும்பும் கலந்து அந்த இடம் மையாகக் கறுத்துவிடும். குரோமில் பதனிட்டபின் பட்டைச் சாற்றையும் ஏற்றிய கலப்புத் தோலும் இவ்வாறு கறுக்கும் என்பதால், வெட்டுமுகத்தையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

தடிமனைப் பொறுத்தவரை, நான்கைந்து அங்குல அலகுக்கு 3 முதல் 3.5 மி.மீ. வேண்டும் என்பது என் கருத்து. வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் 8–9 அவுன்ஸ் என்பதும் ஏறக்குறைய இதுதான். தோலின் தடிமனைச் சொல்லும்போது ஒரு அவுன்ஸ் என்பது 0.4 மி.மீ. அளவாகும். நம் நாட்டு மாட்டுத் தோல் பெரும்பாலும் மெல்லியது என்பதால் இந்தத் தடிமனுக்கு எருமைத் தோலைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அதன் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக இருந்தாலும் உழைப்பில் குறைவில்லை. தடிமனாக இருக்கிறதே என்று செருப்பின் அடித்தோலை வாங்க வேண்டாம். உருளையில் அழுத்தி இறுக்கப்பட்ட அந்தத் தோல் மடிக்கும்போது வெடிக்கிறது, ஊசியும் எளிதில் இறங்குவதில்லை.

உறுப்பினர், ஈரோடு:

மேலே சொன்ன அனைத்தும் என் அனுபவத்திலும் சரியே. தோலின் எந்தப் பகுதி என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். முதுகும் தோளும் இழை நெருங்கியவை. வயிற்றுப் பகுதி தளர்ந்து நீளும் தன்மை உடையது என்பதால், அதில் செய்த உறை நாளடைவில் வாய் அகன்று கத்தியை நழுவ விடுகிறது. பாதித் தோலாக வாங்கினால் வயிற்றுக்கும் காலுக்கும் சேர்த்தே சதுர அடிக் கணக்கில் பணம் தருகிறோம். ஆறு அங்குல அலகுள்ள கத்திக்கு, இடுப்பு வார் வளையத்தையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு சதுர அடி போதும். எனவே ஓரிரண்டு உறை மட்டும் செய்பவர், விலை சற்றுக் கூடினாலும் தோள் பகுதியில் வெட்டுத்துண்டு கேட்டு வாங்குவதே நல்லது.

உண்ணி கடித்த புள்ளிகளும் முள் கீறிய தடங்களும் என்னைப் பொறுத்தவரை குறைகள் அல்ல. ஆனால் தோலைத் திருப்பி உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோலுரிக்கும்போது கத்தி ஆழமாக இறங்கிய வெட்டுகள் அங்கேதான் தெரியும்; அவை தையல் ஓடும் இடத்தில் வந்தால் இழுக்கும்போது கிழிந்துவிடும்.

உறுப்பினர், சென்னை:

வயிற்றுத் தோல் வீட்டில் ஏற்கெனவே இருந்தால், அதை அலகின் கூர்விளிம்புப் பக்கத்தில் தையலுக்கு உள்ளே வைக்கும் இடைப்பட்டைக்குப் பயன்படுத்தலாம். கத்தி நூலை அறுக்காமல் காப்பது அந்தப் பட்டைதான். மரப்பட்டையில் பதனிட்ட தோலிலும் இயல்பாகச் சிறிது அமிலம் இருக்கும் என்பதால், கார்பன் எஃகுக் கத்தியை வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் பூசி, உறைக்கு வெளியே வைப்பது என் வழக்கம்.