பட்டினி கிடக்கிற எருதுகளைச் சட்டப்படி மீட்க வழி உண்டுங்களா?

கொறங்காட்டான்:
வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டமுங்க. ஓனர் திருப்பூர்ல, இங்க பண்ணையத்து ஆளு மட்டும். ரெண்டு எருதுக்கும் விலா எலும்பை எண்ணிரலாம். ஒண்ணுக்கு நுகத்தடிப் புண்ணுல புழு வெச்சிருச்சு, அதையும் வண்டியில பூட்டறாங்க. நாய் குட்டைச் சங்கிலியில நாளெல்லாம் வெயில்ல. ஸ்டேஷன்ல "அவங்க மாடு, நாங்க என்ன பண்றது"ங்கறாங்க. அவுத்துட்டுப் போயி கோசாலையில விட்டுரலாம்னு பசங்க நிக்கறாங்க. என்னங்க பண்றது?

வக்கீல் குமாஸ்தா:
மொதல்ல பசங்களைத் தடுங்க. உடையவர் சம்மதமில்லாம அவுத்துட்டுப் போனா பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 303, திருட்டுக் கேஸ்.

ஸ்டேஷன்ல சொன்னது பாதிதான் சரி. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11(1)ல தீனி தண்ணி தராதது, புண்ணோட வேலை வாங்கறது, குட்டைச் சங்கிலி எல்லாமே குற்றம். ஆனா போலீஸ் தானா வழக்குப் போடக்கூடிய குற்றங்களைச் சொல்ற பிரிவு 31 பட்டியல்ல இதெல்லாம் இல்லாததால நேரா எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 174 படி மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கித்தான் விசாரிக்கணும். விட்டுப்போன பாதி பிரிவு 34. கான்ஸ்டபிளுக்கு மேல்நிலையில இருக்கற போலீஸ் யாரும் மாட்டைக் கைப்பற்றி, பக்கத்து மாஜிஸ்திரேட்கிட்டயோ கால்நடை மருத்துவர்கிட்டயோ பரிசோதனைக்குக் கொண்டு போகலாம். அதனால "நடவடிக்கை எடுக்கவும்"னு மொட்டையா எழுதாம, "பிரிவு 34ன் கீழ் கைப்பற்றிப் பரிசோதிக்க வேண்டும்"னு எழுதி, மனு வாங்கினதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்குங்க. குற்றம் நடந்து 3 மாசம் தாண்டினா வழக்கே நிக்காது (பிரிவு 36). கடைசியாப் பார்த்த தேதி மனுவுல இருக்கோணும். ஓனர் ஊர்ல இல்லைங்கறதும் சாக்கில்ல, மேற்பார்வை பார்க்காததுக்கே 11(2) அவரைப் பிடிக்கும்.

கட்டுத்தறி டாக்டர்:
கேஸ் தோக்கறது பெரும்பாலும் மருத்துவச் சான்றுல. "மெலிந்துள்ளது"ன்னு ஒத்தை வரி போதாது. உடல்நிலை மதிப்பெண் 5க்கு எத்தனை, தோலை இழுத்து விட்டா எவ்வளவு நேரத்துல படியுது, புண் எத்தனை செ.மீ., பழசா புதுசா, தொட்டியில தண்ணி, தீவனப் போர்ல தட்டு இருக்குதா, எல்லாம் வேணும். சாணிப் பரிசோதனையும் பண்ணச் சொல்லுங்க. குடற்புழுவாலயும் மாடு இளைக்கும், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிச்சுக்கும். கோடையில கொறங்காடு (மேய்ச்சல் காடு) காஞ்சா நல்ல பண்ணையத்து மாடே இளைக்குதேன்னும் கேப்பாங்க, நியாயமான கேள்விதான்.

புண்ணுக்கு 1962க்கு (கால்நடை ஆம்புலன்ஸ் எண்) போன் பண்ணுங்க, வைத்தியத்துக்கு வண்டி வரும். மாட்டைப் பறிக்க அவங்களுக்கு அதிகாரமில்லை. போட்டோவை ரோட்டுல இருந்தே எடுங்க, வாட்ஸப்ல வந்தது வேண்டாம், எடுத்த போனையே வெச்சிருங்க.

அந்தியூர் சந்தை:
கைப்பற்றினதும் மாடு போயிருச்சுன்னு ஓனரும் நினைக்கறார், நம்மாளுகளும் நினைக்கறாங்க. ரெண்டு பேரும் தப்பு. பிரிவு 35ல மாஜிஸ்திரேட் அதை வைத்தியத்துக்கு அனுப்புவார், குணமானா திரும்பவும் ஓனர்கிட்டயே போகலாம். நிரந்தரமாப் பறிக்கறது பிரிவு 29. அதுக்கு மொதல்ல தண்டனை ஆகோணும், அவர்கிட்ட விட்டா மறுபடி கொடுமை நடக்கும்னு ஆதாரமும் வேணும். இனி மாடே வளர்க்கக் கூடாதுன்னுகூட அதுல உத்தரவிடலாம். அரசு வக்கீல் கேக்காட்டி யாரும் தானா போட மாட்டாங்க.

பிரிவு 11 குற்றத்துக்கு முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்ங்க, சிரிக்காதீங்க. இதே சட்டத்துல, பால் சுரக்கக் கேடான ஊசி போட்டா பிரிவு 12ல 2 வருசம் வரைக்கும் ஜெயில், மாடும் அரசுக்கு.

அபராதத்துக்குப் பயப்படாத ஓனர் பராமரிப்புச் செலவுக்குப் பயப்படுவார். பிரிவு 35 படியும், வழக்குல கைப்பற்றின மாடுகளைப் பராமரிக்கறதுக்கான 2017 விதிகள் படியும் கைப்பற்றின மாட்டோட தீனி, வைத்தியம், வண்டி வாடகை அவர் தலையில விழும். இதை யாராச்சும் பக்குவமா எடுத்துச் சொன்னா, மாட்டை அவரே எழுதிக் கொடுத்துருவார். அப்படிக் கொடுத்தா காதுல குத்தியிருக்கற அடையாளத் தோட்டு எண் 12 இலக்கமும் அந்தக் காகிதத்துல இருக்கட்டும். இல்லாட்டி நாளைக்கு "நான் கொடுத்தது வேற மாடு"ன்னு வந்து நிப்பாங்க.