கட்டை நகர மறுக்கிறது: கீபோர்டை மாற்றியும் தீரவில்லை

குச்சிக்காகக் காத்திருப்பவன்:

வணக்கம். பிரவுசரில் டெட்ரிஸ் வகை ஆட்டம் ஒன்று ஆடுகிறேன். நேற்று இரவு வரை எந்தக் குறையும் இல்லை. ஆட்டத்தின் நடுவில் திடீரென்று கட்டைகள் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன.

கீயைத் தட்டினால் ஒன்றும் நடப்பதில்லை. அழுத்திப் பிடித்தால் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு நேராகச் சுவரில் போய் முட்டுகிறது. ஒரே ஒரு கட்டம் நகர்த்துவது முடியாத காரியமாகிவிட்டது. திருப்புவதும் அப்படித்தான். நான் அழுத்தி, அது யோசித்து, திரும்புவதற்குள் கட்டை தரையில் ஒட்டிக்கொள்கிறது.

வேறு பிரவுசரில் பார்த்தேன், அதே கதை. பழைய கீபோர்டு ஒன்றைத் தேடியெடுத்துச் செருகினேன், அதிலும் அதே கதை. விண்டோஸ் 11. ஆட்டத்தின் அமைப்பில், கீயைப் பிடித்தால் கட்டை நகரும் வேகத்தைச் சொல்லும் இடத்தில், டிஏஎஸ் 167, ஏஆர்ஆர் 33 மில்லிநொடி என்று இருக்கிறது. நான் தொட்டதில்லை.

நாலுகட்டம்:

டிஏஎஸ் அதிகமாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை. 110-க்குக் கொண்டுவாருங்கள், ஏஆர்ஆரை 0 ஆக்குங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், பறக்கும்.

குச்சிக்காகக் காத்திருப்பவன்:

செய்தேன். முன்பு நடந்து போய்ச் சுவரில் முட்டியது, இப்போது பாய்ந்து போய் முட்டுகிறது. தட்டினால் நகராதது அப்படியே இருக்கிறது.

விசைப்பித்தன்:

டிஏஎஸ்ஸை விடுங்கள். 167, 33 இரண்டும் வழக்கமான அளவுகள்தான். திரையில் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், மாறும் கணக்கில் 10 பிரேமும் 2 பிரேமும். 1989-இல் வந்த நின்டெண்டோ பதிப்பில் 16 பிரேம் காத்திருந்து, அப்புறம் 6 பிரேமுக்கு ஒரு கட்டம் நகரும். அதிலேயே ஆடித் தள்ளியவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் எழுதியதில் ஒன்று கண்ணில் பட்டது. கீயை அழுத்தியதும் முதல் கட்டம் உடனே நகர வேண்டும். டிஏஎஸ் என்பது முதல் கட்டத்துக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் நடுவில் வரும் காத்திருப்பு. ஏஆர்ஆர் அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ள இடைவெளி. உங்கள் கட்டை முதல் கட்டத்துக்கு முன்னாலேயே காத்திருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் அழுத்தியது ஆட்டத்துக்குப் போய்ச் சேரவே தாமதமாகிறது. நடுவில் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.

நோட்பேடைத் திறந்து ஏதாவது ஓர் எழுத்தைச் சட்டென்று தட்டிப் பாருங்கள். விழுகிறதா?

குச்சிக்காகக் காத்திருப்பவன்:

விழவில்லை! அழுத்திப் பிடித்தால்தான் விழுகிறது. ஆட்டத்தைத் தவிர வேறெதையும் திறக்காததால் இதைக் கவனிக்கவே இல்லை.

நாலுகட்டம்:

அப்போ இவ்வளவு நீளமாக எப்படி எழுதினீர்கள்?

குச்சிக்காகக் காத்திருப்பவன்:

கைபேசியில்.

விசைப்பித்தன்:

சரி, பிடிபட்டுவிட்டது. ஹோல்டு செய்ய, அதாவது கட்டையைப் பிறகு எடுத்துக்கொள்ள ஒதுக்கி வைக்க, எந்தக் கீ வைத்திருக்கிறீர்கள்? வலது ஷிஃப்டா?

குச்சிக்காகக் காத்திருப்பவன்:

ஆமாம்! எப்படித் தெரிந்தது? நகர்த்துவது இடது கையில், திருப்புவது வலது கையில். சுண்டுவிரல் சும்மா இருக்கிறதே என்று வலது ஷிஃப்டை ஹோல்டுக்குக் கொடுத்தேன்.

விசைப்பித்தன்:

சுண்டுவிரல் சும்மா இருக்கவில்லை, ஷிஃப்டின் மேல் படுத்திருக்கிறது. விண்டோஸில் வலது ஷிஃப்டை 8 நொடி விடாமல் அழுத்தினால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கலாமா என்று கேட்கும். கை நடுங்குபவர்கள் தவறுதலாகத் தொட்ட கீக்கெல்லாம் எழுத்து விழாமல் இருப்பதற்காக வைத்தது. சட்டென்று தட்டுவதை ஒதுக்கிவிட்டு, அழுத்திப் பிடிப்பதை மட்டும் ஏற்கும். தேவைப்படுபவர்களுக்கு அருமையான வசதி. கட்டை ஆடுபவனுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது.

கீபோர்டை மாற்றியும் தீராததற்கு இதுதான் காரணம். இது விண்டோஸுக்குள் நடக்கிறது, எந்தக் கீபோர்டைச் செருகினாலும் ஒன்றுதான்.

செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு. அங்கே ஃபில்டர் கீஸை அணையுங்கள். அதோடு நிற்காமல், அதற்குள் போய் ஷிஃப்டால் இயக்கும் குறுக்குவழியையும் அணையுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கே திரும்ப வருவீர்கள். பக்கத்திலேயே ஸ்டிக்கி கீஸ் இருக்கும், ஷிஃப்டை 5 முறை அடுத்தடுத்துத் தட்டினால் கிளம்புவது. அதன் குறுக்குவழியும் வேண்டாம்.

குச்சிக்காகக் காத்திருப்பவன்:

சரியாகிவிட்டது!! தட்டினால் ஒரு கட்டம், பிடித்தால் சுவர். இரண்டு நாள் கழித்து மனிதனாக ஆடுகிறேன்.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு நடுவில் ஏதோ பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. நான் ஸ்பேஸை அடித்து வரிசையாகக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தேன், அடுத்த அடியில் பெட்டியைக் காணோம். ஆமாம் என்று நானே பதில் சொல்லியிருக்கிறேன் போல.

இன்னொன்று, இதோடு கேட்டுவிடுகிறேன். அந்தப் பழைய கீபோர்டில் கீழே இறக்கிக்கொண்டே இடதுபக்கம் தள்ளித் திருப்பினால் திருப்புவது மட்டும் வேலை செய்யவில்லை. இதுவும் ஷிஃப்டின் வேலையா?

விசைப்பித்தன்:

இல்லை, இது கீபோர்டின் வேலை. விலை குறைந்த கீபோர்டுகளில் ஒவ்வொரு கீக்கும் தனிக் கம்பி கிடையாது. கிடைவரிசை, நெடுவரிசை என்று வலைபோல இணைத்திருப்பார்கள். மூன்று கீகள் அந்த வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் அமைந்துவிட்டால், நான்காவது மூலையும் அழுந்தியதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. தப்பான எழுத்து விழக் கூடாதே என்று மூன்றாவது கீயையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கோஸ்டிங் என்று பேசிக்கொள்வது இதைத்தான். திருப்பும் கீயை வேறு எழுத்துக்கு மாற்றி மாற்றிப் பாருங்கள், ஏதாவது ஒன்று ஒத்துவரும்.

நாலுகட்டம்:

ஷிஃப்ட், கண்ட்ரோல் இரண்டையும் பெரும்பாலும் தனியாக இணைத்திருப்பார்கள், மாட்டாது. கண்ட்ரோலுக்கு மாற்றலாமே.

விசைப்பித்தன்:

பிரவுசரில் கண்ட்ரோலா? அவர் எழுத்துக் கீகளில் நகர்த்துகிறவர் போலத் தெரிகிறது. கண்ட்ரோலோடு எஸ் சேர்ந்தால் பக்கத்தைச் சேமிக்கவா என்று கேட்கும். டபிள்யூ சேர்ந்தால் டேப்பே மூடிக்கொள்ளும். ஆட்டமும் போச்சு, ஸ்கோரும் போச்சு.

நாலுகட்டம்:

என்னுடையது தனியாக நிறுவிய ஆட்டம், அதனால் தோன்றவில்லை. பெயரைப் பார்த்துக் கேட்கிறேன், குச்சி, அதான் நாலு கட்டமும் நேராக இருக்கும் நீளக் கட்டை, வருவதில்லையா உங்களுக்கு?

குச்சிக்காகக் காத்திருப்பவன்:

வருவதே இல்லை. வலது ஓரத்தில் ஒரு நெடுவரிசையைக் காலியாக விட்டு அடுக்குவேன். கழுத்து வரை வந்தபின்னும் வராது. வேண்டுமென்றே செய்கிறது.

நாலுகட்டம்:

இப்போது வரும் ஆட்டங்கள் பெரும்பாலும் ஏழு கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுக்கும், தீர்ந்தால் அடுத்த பை. ஒரு பையில் குச்சி முதலில் வந்து, அடுத்ததில் கடைசியாக வந்தால்கூட நடுவில் 12 கட்டைகள்தான். அதற்கு மேல் காக்க வைக்காது. எண்ணிப் பாருங்கள்.

வேண்டுமென்றே வம்பு செய்கிறவையும் உண்டு. லினக்ஸில் குவாட்ராபாசெல் என்று ஒன்று, அதில் கடினமான கட்டைகளாகத் தேர்ந்தெடு என்று ஒரு டிக் பெட்டியே இருக்கிறது. தெரியாமல் அதைத் தொட்டுவிட்டு ஒரு வாரம் என் கைமேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

குச்சிக்காகக் காத்திருப்பவன்:

எண்ணினேன். 12 தான். பதினோராவதில் செத்துவிட்டேன்.

திருப்புவதை இடம் மாற்றியாயிற்று, வேலை செய்கிறது. ஹோல்டு இப்போது சி கீயில். சுண்டுவிரலை மடக்கி வைத்திருக்கிறேன்.